மிக்கேலம்மாள் கண் திறந்த படம்

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலை வளைகிற இடத்தில், ஒரு காலத்தில் உப்புக் கிடங்குகள் நின்ற மனையில், அரசாங்கம் பெரிய மீன்காட்சியகம் ஒன்றைக் கட்டித் திறந்தது. அங்கே எடுக்கிற படங்களில் மீன் விழாமல் பழைய ஊர் விழுகிறது என்று தெரிய வந்தபோது, ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது அது எப்படி என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்றுதான்.

திறப்பு விழாவுக்கு வந்த போட்டோகிராபர், சால்வையும் கையுமாய் நின்ற பெரிய மனுஷர்களைக் கொடுவாத் தொட்டிக்கு முன்னால் வரிசையாய் நிறுத்தி எடுத்தார். படத்தில் பெரிய மனுஷர்கள் இருந்தார்கள், சால்வை இருந்தது. கொடுவா மீன்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பச்சைத் தண்ணீரும், அதற்கு மேலே தோணிகளின் அடிவயிறும், தோணிகளைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் நடமாடுகிற ஒரு கூட்டம் கால்களும் இருந்தன. அந்தத் தோணிகளெல்லாம் என்றைக்கோ விறகாய்ப் போய்விட்டன, அந்தக் கால்களெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் நீட்டிப் படுத்துவிட்டன. ஆனால் படத்தில் அவை ஈரமாய், அவசரமாய், வேலை பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய மனுஷர்களில் ஒருவர், சால்வையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "அந்த எடது காலு எங்கப்பாது" என்று அழுதார். விழா அத்தோடு முடிந்தது.

மீன் பாவம், அதற்கு என்ன தெரியும்? தண்ணீருக்கு உள்ளே இருந்து எது தெரிந்ததோ அதைத்தான் காட்டும். அதனால் படங்களில் விழுந்ததெல்லாம் கால்கள். முகத்தை வைத்து மனுஷரைக் கண்டுபிடிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தூத்துக்குடிக்காரர்கள் அந்த வருஷம் காலை வைத்துக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தால் அது ரோச் வீட்டுக் கால், குதிகால் வெடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாய் உப்பு நின்றால் அது உப்பளத்துக்குப் போனவர்கள் கால், பெருவிரல் நகம் பாதி இல்லாமல் இருந்தால் நங்கூரம் விழுந்த, தோணி ஓட்டுகிற தண்டல் கால், சேலைக் கரை நனையாமல் ஒரு கால் மட்டும் தூக்கி நின்றால் அது வீட்டில் மாமியாருக்குச் சொல்லாமல் கடற்கரைக்கு வந்த புது மருமகள் கால். ஒரே காலுக்கு இரண்டு குடும்பம் உரிமை கொண்டாடிப் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதும் உண்டு. ஸ்டூடியோக்காரர்கள் கால்களைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சீரியல் பல்பு மாட்டிக் கொடுத்தார்கள். கல்லறைத் திருநாளன்று ஜனங்கள் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அப்படியே மீன்காட்சியகத்துக்கு வர, உள்ளே மெழுகுவர்த்தி கூடாது என்று வாசலில் பலகை வைக்கவேண்டியதாயிற்று. பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "பாருங்க, ஜெபம் பண்ணுங்க, வீட்டுக்குப் போங்க; கண்ணாடியத் தொட்டுக் கும்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பேண்ட் சட்டையில் வந்து திருக்கைத் தொட்டி முன்னால் நின்றார். வெளியூர்ச் சுற்றுலாக்காரர்களுக்கு மீன் மட்டும்தான் விழுந்தது. நல்ல தெளிவாய் விழுந்தது என்று அவர்களும் சந்தோஷமாகவே போனார்கள்.

எந்த மீன் எதைக் கொடுக்கும் என்பதும் போகப் போகப் பிடிபட்டது. கடல்குதிரையை எடுத்தால் குளிக்க வந்த பிள்ளைகளின் கால்கள் விழும். முள்ளை விசிறிபோல் விரித்துக்கொண்டு திரியும் விஷமீனை எடுத்தால் சண்டை விழும். இரண்டு ஜோடிக் கால்கள் எதிரும் புதிருமாய் மணலைக் கிளறிக்கொண்டு நிற்கும். விலாங்கு, கடலில் விழுந்த சாமான்களைக் கொடுக்கும்: சருவப்பானை, கொலுசு, பல்செட்டு, கோபத்தில் வீசிய கல்யாண மோதிரம். கடலில் விழுந்துவிட்டது என்று ஒருத்தி மாமியாரிடம் சாதித்திருந்த இரட்டை வடச் சங்கிலி எந்த விலாங்குப் படத்திலும் வரவில்லை என்பதால் அந்த வீட்டில் பெரிய ரகளை ஆயிற்று. அது வேறு கதை.

ஆமை மட்டும் தனி. அது மீன் இல்லை. மூச்சு வாங்க மேலே வரும், தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டும், கரையைப் பார்க்கும். அதனால் அது ஒன்றுதான் முகங்களைப் பார்த்திருந்தது. ஏதோ ஒரு லாஞ்சுப் படகின் விசிறி பட்டு முன் துடுப்பு ஒன்றை இழந்து, இனி தனியாய்ப் பிழைக்காது என்று கொண்டுவந்து விட்டிருந்த கிழட்டுப் பேராமை அது. அதன் தொட்டியின் முன்னால் எந்நேரமும் கூட்டம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள் வந்து போனைத் தூக்கினால், ஆமை மெதுவாய் நீந்தி வந்து ஒரு கண்ணால் ஏற இறங்கப் பார்க்கும், எடுத்துக்கொள் என்பதுபோல் கொஞ்சம் நிற்கும். படத்தில் அவரவர் வீட்டு முகம் விழும். செத்துப்போன தகப்பன் சிரிப்பான், ஓடிப்போன அண்ணன் பீடி பற்றவைப்பான், கன்னிமடத்துக்குப் போய்ப் பேர் மாறிய அக்காள் பாவாடை தாவணியில் நின்று பாறையில் சிப்பி பொறுக்குவாள்.

தெக்லா இந்தக் கூட்டத்தில் முதலில் சேரவில்லை. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, ஷிப்பிங் ஆபீசில் ரிட்டையரான லம்பெர்த்தின் பெண்டாட்டி, கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள். வரிசையில் நிற்கத் தெரியாத ஜனத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும், வாய் அதற்கு முந்தித் துறுதுறுக்கும். "செத்தவங்க காலைப் பாக்க டிக்கெட்டு வேறயா? உயிரோட இருக்கிறவன் காலப் பிடிச்சே எனக்கு ஓயல" என்று சொல்லிக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஆனால் அந்த வீம்புக்குக் கீழே வேறொன்று இருந்தது, அது லம்பெர்த்துக்குக்கூட முழுசாய்த் தெரியாது.

அவள் அம்மா மிக்கேலம்மாளை உலகத்தில் ஒரே ஒருமுறைதான் யாரோ படம் எடுத்தார்கள். அதுவும் அவள் செத்த பிறகு. அந்தப் பக்கத்து வழக்கம் அது: பெட்டியைக் கோயில் படிக்கட்டில் தலைமாடு உயர்த்திச் சாய்த்து வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, ஸ்டூடியோக்காரரை வரவழைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் மண்ணுக்கு அனுப்புவார்கள். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்க யாருக்கும் நேரமோ வசதியோ இருப்பதில்லை. செத்தால் இரண்டும் எப்படியோ வந்துவிடும். படத்தில் மிக்கேலம்மாள் காகிதப்பூக் கிரீடம் வைத்து, மூக்கில் பஞ்சோடு, காமாலையில் வீங்கிய முகத்தோடு கண்மூடிக் கிடக்கிறாள். சித்தப்பன், சித்தி, அத்தைமார் எல்லாரும் காமிராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். பெட்டியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கவுன் கலங்கலாய்த் தெரிகிறது. அது ஏழு வயதுத் தெக்லா. அந்தக் கூட்டத்தில் அசைந்தது அவள் ஒருத்திதான்.

அடக்கம் முடிந்ததும் கன்னியாஸ்திரிகள் அவளைப் போர்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சுத்தம், ஒழுங்கு, கையெழுத்து, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று எல்லாம் கிடைத்தது. ஆனால் ராத்திரி ஜெபத்தில் அம்மாவை நினைத்துக் கண்ணை மூடினால் பஞ்சு வைத்த அந்த முகம்தான் வந்தது. வருஷம் போகப் போக அந்தப் படம் உள்ளே இருந்த மற்ற முகத்தையெல்லாம் தின்றுவிட்டது. கண் திறந்திருந்தால் அம்மா எப்படி இருப்பாள்? பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசியில் ஒருநாள், லம்பெர்த்தின் தங்கச்சி ஹில்டா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹில்டா விதவை, எதற்கும் முன்னே போகிறவள், எதற்கும் அழுகிறவள். "வாங்க மைனி, சும்மா வந்து மீனைப் பாருங்க. ஏசி போட்டிருக்கு" என்றாள். கடல்குதிரைத் தொட்டியில் தெக்லா, சும்மாதான் எடுக்கிறேன் என்பதுபோல் ஒரு படம் எடுத்தாள். தண்ணீருக்கு அடியில் நாலு கால்கள். இரண்டு சின்னது. இரண்டு பெரியது, கெண்டைக்காலில் பழைய தீக்காயத் தழும்போடு. அடுப்பு விறகு விழுந்த தழும்பு. அது எங்கே, எப்போது, எவ்வளவு பெரிய கொப்புளமாய் இருந்தது என்பதெல்லாம் தெக்லாவுக்கு அந்த இடத்தில் நின்றபடியே ஞாபகம் வந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என்ன மைனி, யாரு காலு?"

"யாரோ. ஆமை எங்க இருக்கு?"

ஆமைத் தொட்டியில் முதலில் ஹில்டாவின் முறை. அவள் புருஷன் விழுந்தான். படகின் விளிம்பில் உட்கார்ந்து, காதில் பென்சில் செருகி, மீன் கணக்குப் போடுகிறவன்போல் நடித்துக்கொண்டு, கரையில் எவளையோ பார்த்துக்கொண்டிருந்தான். "என்னையத்தான் பாக்காவ" என்று ஹில்டா அழுதாள். அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று தெக்லா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். பிறகு தன் போனைத் தூக்கினாள்.

ஆமை வந்தது. கண்ணாடி வரைக்கும் வந்து, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பெரிய கப்பல் திரும்புவதுபோல் நிதானமாய் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டது. படத்தில் ஓடு விழுந்தது. வெறும் ஓடு.

மறுபடி எடுத்தாள், ஓடு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தாள், ஓடு. லம்பெர்த்தின் போனில் எடுத்தாள், முக்காடு போட்டுக்கொண்டு எடுத்தாள், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று திடீரென்று நீட்டி எடுத்தாள், எல்லாம் ஓடு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காக்கிச் சேலை கட்டிய காவல்காரி முத்துக்கனி, "யக்கா, ஒங்களால வரிசை வாசல் தாண்டிட்டு. நாளைக்கு வாங்க" என்றாள். நாளைக்கும் வந்தாள். அந்த வாரம் முழுக்க வந்தாள். ஆமைக்கு அவளைப் பார்த்ததும் திரும்பிக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

காரணத்தை ஊர்தான் கண்டுபிடித்தது, ஊருக்குக் காரணம் கண்டுபிடிப்பதைவிட வேறு வேலை கிடையாது. வரிசையில் நின்ற கிழவர் சவேரியார்பிச்சை, முன்னாள் சங்குக்குளியாள், அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ஆமைக்கறி மிக்கேலம்மா மகள்லா?" என்றார்.

ஆமாம். சங்கு குளிக்கப் போன புருஷன் திரும்பி வராத பிறகு மிக்கேலம்மாள் செய்த தொழில் அது. அரசாங்கம் தடை போட்டிருந்தது, ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத காலம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பாதி ஊர் அவள் வீட்டு வளவுக்குள் தம்ளரோடு நிற்கும். ஆமை ரத்தம் குடித்தால் மூலம் ஆறும், இளைப்பு நிற்கும், கிழவன் குமரனாவான் என்று சொல்லிக்கொண்டு சூட்டோடு சூடாய்க் குடிப்பார்கள். பிறகு கறி. மிளகும் தேங்காயும் அரைத்து அவள் வைக்கும் ஆமைக்கறியின் வாசனை கோயில் படிக்கட்டு வரைக்கும் போய் இரண்டாம் பூசைக்காரர்களைக் கெடுக்கும்.

"பாத்தியளா," என்றார் சவேரியார்பிச்சை, வரிசை முழுக்கக் கேட்கும்படி. அவருக்குப் போன வாரம்தான் ஆமை அவருடைய தம்பி முகத்தைக் கொடுத்திருந்தது. "தின்ன எங்களயெல்லாம் மன்னிச்சிட்டு. ஆக்குனவள மட்டும் மன்னிக்கல."

"நீங்க தின்னுட்டுச் சும்மாவா போனீய? எலும்பையும் கேட்டு வாங்கிட்டுல்லா போனீய, நாய்க்குன்னு. ஒங்க வீட்டுல நாய் ஏது?" என்றாள் தெக்லா.

வரிசை சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து ஊர் முழுக்க ஆமைக்கும் தெக்லாவுக்கும் உள்ள வழக்கைத் தன் வழக்காய் எடுத்துக்கொண்டது. சந்தையில் தேங்காய் வாங்கப் போனால், "ஆமை எறங்கி வந்துட்டா?" என்று விசாரித்தார்கள். ஹில்டா ஆமைகளின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்கவேண்டும் என்று போய் நின்றாள். சாமியார் தலையைச் சொறிந்து, மிருகங்களுக்கு அப்படி வைக்க வழியில்லை என்றார். பிறகு மனம் கேட்காமல், 'ஒரு விசேஷக் கருத்துக்காக' என்று பொதுவாய் வாசித்துப் பூசையை வைத்தார். அத்தனை பேரும் அது எந்தக் கருத்து என்று தெரிந்தே ஆமென் சொன்னார்கள். முத்துக்கனி, "எங்க குலசாமிக்குக் கெடா வெட்டுதோம், எந்தக் கெடாவும் வந்து கோவிச்சுக்கிட்டதில்ல. ஒங்க ஆளுகதான் எல்லாத்துக்கும் பாவம் பாவம்னு சொல்லி அதுகளுக்கும் ரோசத்தக் கெளப்பி விட்டுட்டீய" என்றாள். காட்சியகத்து அதிகாரியம்மாள் மட்டும், அது வெளிச்சம் விழுகிற கோணம் என்றாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. அவளுக்கு எப்போதும் மீன்தான் விழுந்தது.

தெக்லாவும் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றாள். தெரிந்த வழி ஒன்றுதான், கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது: பாவத்தை ஒத்துக்கொள், மனஸ்தாபப்படு, பரிகாரம் செய். தொட்டிக்கு முன்னால் நின்று, உதடு அசையாமல் உத்தம மனஸ்தாப மந்திரத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். ஆமை அந்தக் கோடிக்குப் போய்ப் பாசி தின்றது. பரிகாரமாய் வீட்டில் மீனை நிறுத்தினாள். பரவ வீட்டில் மீனில்லாத அடுப்பு! லம்பெர்த் மூன்றாம் வாரச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே கேட்டார்:

"ஏட்டி, ஆமைக்கும் சாளைக்கும் என்ன சொந்தம்?"

"ஒரே கடல்தான?"

"அப்போ உப்பையும் நிறுத்திரு. அதுவும் அதே கடல்தான்."

உப்பை நிறுத்தவில்லை. ஆனால் மீன் வரவில்லை. வாசலில் மீன் கூடைக்காரி குரல் கொடுத்துவிட்டுப் பழக்கத்தில் கொஞ்சம் நின்று, பெருமூச்சு விட்டுப் போவாள். வீட்டில் வாடை இல்லாததால் பூனை அடுத்த வீட்டுக்குக் குடிபோயிற்று. ஆமை அசையவில்லை.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. ஆமையைத் தொட்டியில் வைத்திருப்பது சரியில்லை என்று மேலே முடிவாகி, தீவுப்பக்கம் வலையடைத்த கடலில் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். ஞாயிறு கடைசி நாள். திங்கள் காலையில் லாரி வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் இரண்டாம் பூசைக்கு ஆளே இல்லை. விடுபட்டவர்கள், இன்னொரு முறை பார்க்க வேண்டியவர்கள், ஆமையை வழியனுப்ப வந்தவர்கள் என்று வரிசை காட்சியகத்தைச் சுற்றி வந்து ஐஸ்வண்டி வரைக்கும் நீண்டது. மெக்ரூன் பொட்டலத்தோடு வந்தவர்கள் பாதி வரிசையிலேயே தின்று தீர்த்தார்கள். தெக்லா கஞ்சி போட்ட சேலையில், கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹில்டா பின்னால் ஜெபமாலை உருட்டினாள். சவேரியார்பிச்சை, சும்மா பார்ப்பதற்கென்றே ஒரு ஓரமாய் வந்து நின்றிருந்தார்.

முறை வந்தது. தெக்லா போனைத் தூக்கினாள். ஆமை வந்தது, பார்த்தது, திரும்பிக்கொண்டது.

"சரிக்கா, முடிஞ்சிட்டுல்லா," என்றாள் முத்துக்கனி, மெதுவாகத்தான். "பாவம், பின்னால நெறையப் பேரு நிக்காவ."

தெக்லா நகரவில்லை. போனைப் பிடித்த கை அப்படியே தொங்கிற்று. திரும்பி வரிசையைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. இனி இந்த ஓட்டைத்தான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இந்த ஓடும், பஞ்சு வைத்த அந்த முகமும். அப்போது, வாரக்கணக்கில் ஜெபத்தாலும் சாம்பாராலும் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாய் மேலே ஏறி, கான்வென்ட் சொல்லிக்கொடுத்த பேச்சையெல்லாம் தள்ளிக்கொண்டு, போர்டிங்குக்கு முந்தைய வளவுப் பேச்சில் வெளியே வந்தது.

"ஏட்டி! ஒன்னத்தான். திரும்பிக்கிட்டா நான் யாருக்கிட்டப் பேசுதேன்? செவருக்கிட்டயா?"

வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"ஆமா, எங்கம்மா அறுத்தா. ஒன் ஆத்தாளயும் அறுத்திருப்பா, ஒங்க அக்கா தங்கச்சியயும் அறுத்திருப்பா. கையத் தொடச்சிட்டு மிளகு அரைச்சா. என்ன செய்யச் சொல்லுத? புருஷன கடல் வச்சிக்கிட்டு. கூடக் குளிக்கப் போனவன் ஒருத்தன் ஒரு படி அரிசி கொண்டாந்தானா? ஒன்ன மாதிரி குழியத் தோண்டி நூறு முட்டையப் போட்டு, மண்ணத் தள்ளி மூடிட்டு, பெத்தது பொழைக்கா சாகுதான்னு திரும்பிக்கூடப் பாக்காமப் போகவா சொல்லுத? அவளுக்கு அது தெரியாது. அவ ஒண்ணே ஒண்ணு பெத்தா. அந்த ஒண்ணு வயிறு நிறையத் தின்னுச்சா தின்னுச்சான்னு பாத்துப் பாத்தே செத்தா!"

"மைனி..." என்றாள் ஹில்டா.

"சும்மா இரு நீ. இவளுக்கு மன்னிப்பு வேணுமாம், மன்னிப்பு. நான் கேட்டதெல்லாம் வாபஸ். நீ மன்னிக்காண்டாம், ஒன் மன்னிப்ப வச்சி நான் என்ன கொழம்பா வைக்கப்போறேன்? எனக்கு எங்கம்மா மூஞ்சி வேணும். நீ பாத்திருக்க, நான் பாக்கல. இவ்வளவுதான். திரும்புட்டீ இங்க!"

கண்ணாடி அதிர்ந்ததோ, தொட்டித் தண்ணீர்தான் அசைந்ததோ. ஆமை திரும்பியது. மூன்று துடுப்பால் அவசரமாய், அந்தத் தொட்டியில் யாரும் அதுவரைக்கும் பார்த்திராத வேகத்தில், மேலே தண்ணீர்மட்டம் வரைக்கும் ஏறி, தலையை வெளியே நீட்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டு, நேராய்க் கீழிறங்கி வந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றது. ஒரு கண்ணால் இல்லை. இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தது. தெக்லாவின் பெருவிரல் தானாய் அழுந்திற்று.

அது மிக்கேலம்மாளின் குரலேதான், ஆமைக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று ஊர் பிற்பாடு சொன்னது. திட்டு வாங்காத மரியாதை எந்த ஆமைக்கும் பிடிக்காது என்று முத்துக்கனி சொன்னாள். தீனி போடுகிற நேரம் என்று அதிகாரியம்மாள் சொன்னாள். எதுவாய் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

படத்தில் முதலில் தெரிந்தது ஒரு கை. பாதிப் படத்தை அதுவே அடைத்திருந்தது: பெருவிரலும் சுண்டுவிரலும் விரிந்து, சாண் அளக்கிற கை, பார்க்கிறவர் மார்பின்மேல் வைக்க வருகிறதுபோல். அதற்குப் பின்னால், வெயில் வானத்துக்கு எதிரில், குனிந்த ஒரு முகம். கண் திறந்திருந்தது. நன்றாய்த் திறந்திருந்தது. வாய் பாதி பேச்சில் இருந்தது, மூக்குத்திப் பக்கம் வேர்வை, முன்நெற்றியில் மணல். இரக்கம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை, கோபமும் இல்லை. கைக்கடியில் கிடப்பது எத்தனை வயிற்றுக்கு வரும் என்று ஒரு பார்வையில் கூட்டிக் கழிக்கிற முகம்.

தெக்லாவை அதெல்லாம் உலுக்கவில்லை. அவளை உலுக்கியது வேறு. அந்தப் பொம்பளைக்கு முப்பது வயதுகூட இருக்காது. தெக்லாவின் சொந்த மருமகளைவிடச் சின்னவள். இத்தனை வருஷமாய் அம்மா, அம்மா என்று இவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண்ணை.

சவேரியார்பிச்சை வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து போனை எட்டிப் பார்த்தார். தன் கையையும் அதேபோல் விரித்துப் பார்த்தார்.

"சாணு போட்டுப் பாப்பா," என்றார் பிறகு. "எளசு வலையில வந்தா, மல்லாத்திப் போட்டுச் சாணு போட்டுப் பாப்பா. 'சட்டிக்குப் பத்தாது, கடல்ல போட்டுட்டு வா'ன்னு எங்கள வையுவா. நாங்க திரும்பப் போயி விட்டுட்டு வரணும். எத்தனை தடவ ஏச்சு வாங்கியிருக்கேன்." தொட்டிக்குள் பார்த்தார். "இதுவும் அப்படித் தப்புனதுதான் போல."

"எரக்கத்துலயா தாத்தா விட்டாவ?" என்றாள் ஹில்டா, அழத் தயாராய்.

"எரக்கமாவது? சட்டிக்குப் பத்தல."

தெக்லா சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், கஞ்சிச் சேலை கசங்க, கண்ணாடித் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூக்கு ஒழுகச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். ஆமை இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிற்று. மறுநாள் லாரி வந்தது. அதன் பிறகு காட்சியகத்தில் முகங்கள் விழவில்லை, கால்கள் மட்டும்தான். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது.

ஸ்டூடியோக்காரன், கை முகத்தை மறைக்கிறதே, கம்ப்யூட்டரில் எடுத்துவிடவா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். லம்பெர்த் படத்தை ஹாலில் திரு இருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி தேடினார். தெக்லா அதைச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு நேர் மேலே, சட்டிக்குள் பார்க்கிற மாதிரிச் சாய்த்து மாட்டினாள். அன்றைக்கே கூடைக்காரியைக் கூப்பிட்டுச் சாளை வாங்கினாள்.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் உலை கொதிக்கும்போது தெக்லா ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது" என்று முனகிக்கொண்டு இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் போடுவாள். பிள்ளைகள் சென்னையில். வீட்டில் இருப்பது இரண்டே பேர். தட்டில் குவிந்த சோற்றைப் பார்த்து லம்பெர்த் கேட்பார்:

"ரெண்டு பேருக்கு எதுக்குட்டி இவ்வளவு?"

"எங்கிட்டக் கேக்காதீய. அந்தா மேல நிக்கால்லா, அவகிட்டக் கேளுங்க."

லம்பெர்த் நிமிர்ந்து, அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு, குழம்புக்குத் தட்டை நீட்டுவார்.